பதினாறாவது இலக்கம்

ஜூன் 26, புதன்

வங்கியில் புது மேனேஜர் வந்திருக்கிறார். "நீங்க என்ன வேலைங்க பாக்கறீங்க?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் டோக்கன் இரண்டு தாண்டிப் போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் சம்பளக் கணக்கை எக்செல் ஷீட்டில் போட்டு எனக்கு அனுப்புவார்கள். வங்கிக்கு அது அப்படியே ஆகாது. கணக்கு எண், கிளைக் குறியீடு, தொகை, பெயர் என்று அது கேட்கிற வரிசையில், அது கேட்கிற மாதிரி இருக்க வேண்டும். ஒரு கமா கூடினாலும் மொத்த ஃபைலையும் துப்பிவிடும். நான் அதை மாற்றிக் கொடுக்கிறேன். முதலாளி ஃபைலை வங்கி வெப்சைட்டில் ஏற்றி, போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் சம்பளம் போய்விடும்.

"அப்ப கணக்குப்பிள்ளைங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல.

வெங்கமேட்டில் பேக்கரிக்கு மேலே ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், பதினொரு கம்பெனி, ஆறு வருடம். ஒரு பைசா மாறிப் போனதில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

குளியல் துண்டு நெய்கிற துண்டுக் கம்பெனியின் ஷீட் வந்தது. "மஞ்சக் கலர் அடிச்சவங்களுக்கு மட்டும் போடுங்க" என்று கீழே குறிப்பு. இரண்டு விதமான மஞ்சள் இருந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை. இன்னொருவர் கணக்கு எண் கட்டத்தில் "மேற்படி" என்று எழுதியிருக்கிறார். மேற்படி என்று எந்த வங்கியில் கணக்கு இருக்கிறதோ.

ஜூன் 27, வியாழன்

என் பதினொரு கம்பெனியில் ஒன்றின் முதலாளி சென்னியப்பன் அண்ணன், பழைய ஷெட்டை மூடுகிறார். ஆர்டர் இல்லை. அங்கே துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்த பதினான்கு பெண்களுக்கும் கணக்கு முடித்துப் பணம். இது மாதச் சம்பள ஃபைல் இல்லை, புதிதாகப் போட வேண்டிய லிஸ்ட். ஒவ்வொருவருக்கும் படிவம் கொடுத்துக் கணக்கு எண்ணை எழுதி வாங்கி எனக்கு அனுப்பியிருந்தார். பதினோரு மணிக்கே முடித்து அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் பாவாயி அக்கா படியேறி வந்தார். பத்தொன்பது வருடம் அந்த ஷெட்டில் துணி பார்த்தவர். லிஸ்டில் நான்காவது பெயர், ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு.

"நாளைக்கு ஏறிருமா கண்ணு?"

"ஏறிரும்க்கா. எதுக்கு இந்தப் படியெல்லாம் ஏறி வர்றீங்க, போன் பண்ணுனா ஆகாதா?"

"பணம் விசயத்தை மூஞ்சியப் பாத்துக் கேட்டாத்தான் மனசு கேக்குது."

பசுபதிபாளையத்தில் ஒரு வீட்டைப் போக்கியத்துக்குப் பேசியிருக்கிறார். இரண்டு லட்சம். கொடுத்துவிட்டால் மூன்று வருடத்துக்கு வாடகை இல்லை, போகும்போது பணம் முழுசாகத் திரும்பி வரும். முப்பதாயிரம் முன்பணம் கொடுத்தாயிற்று. மிச்சத்தை ஜூலை பத்துக்குள் கொடுத்து, பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வேண்டும். இப்போது இருக்கிற வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆடி பிறந்துவிட்டால் குடிபோக முடியாது. அக்காவின் கணவர் மாரப்பன் மூட்டை தூக்கியவர், இடுப்பு விட்டுப் போய் மூன்று வருடமாக வேலைக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். "வேலையும் போச்சு, வாடகையும் குடுக்கோணும்னா எங்க போறது கண்ணு. தலைக்கு மேல ஒரு கூரை வாடகையில்லாம இருந்துட்டா, கஞ்சிக்கு எப்படியும் பாத்துக்கலாம்."

3:40-க்கு சென்னியப்பன் அண்ணன் போன். ஒருவருக்கு இரண்டாயிரம் கூட்ட வேண்டும், நாலு மணிக்கு அவர் திருச்சி கிளம்புகிறார், உடனே வேண்டும். அந்த ஒரு தொகையை மட்டும் திருத்தி 3:52-க்கு அனுப்பினேன்.

ஜூன் 28, வெள்ளி

"பதினாலு பேருக்கும் போயிருச்சு" என்று சென்னியப்பன் அண்ணன் மெசேஜ். மாவு ஆட்டினேன்.

ஜூன் 29, சனி

பதினான்கில் ஒருவர் பணம் திரும்பி வந்திருக்கிறது. அப்படி ஒரு கணக்கு இல்லையாம். அந்தப் பெண் ஏதாவது தப்பாக எழுதியிருப்பார். திங்கட்கிழமை பார்க்கலாம்.

ஜூலை 1, திங்கள்

பாவாயி அக்கா வந்தார். பணம் ஏறவில்லை. சனிக்கிழமை இரண்டு முறை வங்கிக்குப் போய்ப் பாஸ்புக் போட்டுப் பார்த்திருக்கிறார்.

சென்னியப்பன் அண்ணனைக் கூப்பிட்டேன். பணம் போய்விட்டது, வங்கி ரசீது இருக்கிறது என்றார். "ஏம்மா வாணி, நம்பர் கிம்பர் தப்பா?" என்று கேட்டார். "அவங்க எழுதிக் குடுத்தது சரியா இல்லாம இருக்கலாங்கண்ணா" என்றேன். இருக்கலாம் என்றுதான் சொன்னேன்.

இன்று மாதச் சம்பளம் ஆறு கம்பெனி. தலை தூக்க நேரமில்லை.

ஜூலை 2, செவ்வாய்

பாவாயி அக்காவின் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அவரே எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் பத்தொன்பது வருடம் பார்த்த துணிக்குப் பீஸ் கணக்கு எழுதிய கை. பதினாறு எண்ணும் அச்சடித்த மாதிரி. கடைசி எண் 7.

நான் அனுப்பிய ஃபைலில் கடைசி எண் 0.

பணம் திரும்பி வந்த பெண்ணுக்கும் பதினாறு இலக்க எண்தான். அதிலும் கடைசி 0. மற்றவர்களுக்கெல்லாம் வேறு வங்கி, சின்ன எண், ஒன்றும் ஆகவில்லை.

படிவத்தை மேசை டிராயரில் வைத்தேன்.

ஜூலை 3, புதன்

பாவாயி அக்காவோடு வங்கிக்குப் போனேன். மேனேஜர் நல்ல மனிதர். உட்கார வைத்துத்தான் சொன்னார்.

"மிஷின், நம்பரை மட்டுந்தாங்க பாக்கும். பேரு பாக்காது. அந்த நம்பர்ல ஒரு கணக்கு இருக்குது, பணம் அதுல போயிருச்சு."

"யாரோடதுங்க?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க. அவங்க சம்மதிச்சு எழுதிக் குடுத்தாத்தான் திருப்ப முடியும். லெட்டர் அனுப்பறேன்."

பாவாயி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, மேனேஜர் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்: "கடைசி எண் ஏழுக்குப் பதிலா பூஜ்யம்னு ஆகிப் போச்சுக்கா."

ஆகிப் போச்சு. இந்த வார்த்தை எவ்வளவு வசதியாக இருக்கிறது.

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "ஏழைப் பூச்சியமாட்ட எழுதிப் போட்டனா கண்ணு? கண்ணாடி மாத்தோணும்னு இருந்தேன்."

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். எக்செல் பதினைந்து இலக்கம் வரைக்கும்தான் எண்ணை எண்ணாக வைத்திருக்கும். பதினாறாவதைப் பூஜ்யமாக்கிவிடும். இது எனக்குத் தெரியும். இந்த வேலைக்கு வந்த முதல் வாரமே தெரியும். அதனால்தான் கணக்கு எண்ணை எழுத்தாக வைத்து ஃபைல் தயாரிப்பேன், தயாரான ஃபைலை நேராகத் திறக்கவே மாட்டேன். திருத்தம் வந்தால் ஷீட்டில் திருத்தி மறுபடி முதலிலிருந்து மாற்றுவேன். இருபது நிமிடம் ஆகும். அன்று பன்னிரண்டு நிமிடம்தான் இருந்தது. ஃபைலைத் திறந்தேன். எண்கள் சுருங்கிப் போய் நடுவில் ஆங்கில எழுத்தோடு நின்றன. விரித்துவிட்டேன். பதினாறு இலக்கமும் வந்து நின்றதைப் பார்த்து, அப்பாடா என்று சேமித்து அனுப்பினேன்.

சென்னியப்பன் அண்ணன்தான் அவசரப்படுத்தினார். ஓடிபி போடும் முன் அவரும் ஒரு முறை பார்த்திருக்கலாம்.

ஜூலை 4, வியாழன்

பாவாயி அக்கா காலையிலேயே வந்துவிட்டார். முகத்தில் ஒரு தெளிவு.

"கண்ணு, அந்தக் கணக்கு யாருதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

ஒன்பது வருடத்துக்கு முன் வங்கிக்காரர்கள் ஷெட்டுக்கே வந்து முகாம் போட்டு எல்லோருக்கும் கணக்குத் திறந்தார்களாம். வரிசையில் நின்றவர்களுக்கு வரிசையாகவே எண். இவருக்குக் கடைசி எண் ஏழு என்றால் பூஜ்யம் இவருக்கு ஏழு பேர் முன்னால் நின்றவருக்கு. விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து அந்த வரிசையை நினைத்திருக்கிறார். என் முன்னால் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். "எனக்கு முன்னால கனகா. அவளுக்கு முன்னால கனகா கொழுந்தி. அப்புறம் ரெண்டு பேரு அக்கா தங்கச்சி, சண்ட போட்டுக்கிட்டே நின்னாளுக. அப்புறம் கெர்ப்பமா இருந்தாளே அந்தப் புள்ள. அப்புறம் சூப்பர்வைசரம்மா. அவங்களுக்கு முன்னால செந்தாமரை."

வங்கி சொல்ல மறுத்ததை இந்த அம்மா வெறும் விரலில் சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு நாளில் முதல் சிரிப்பு.

ஜூலை 5, வெள்ளி

செந்தாமரை தாந்தோன்றிமலையில் இருக்கிறார். ஷெட்டை விட்டு நான்கு வருடம். இருவரும் டவுன் பஸ்ஸில் போனோம். இட்லிக்கடை போட்டிருக்கிறார். அந்தக் கணக்கை மறந்தே போயிருந்தார், பழைய போன் நம்பரும் இல்லை. அதனால் பணம் வந்த செய்தியும் போகவில்லை.

"அய்யோ சாமி, உன்ற பணம் எனக்கெதுக்கு. எங்க கையெழுத்துப் போடோணும் சொல்லு, கடைய அடைச்சுட்டு வந்தர்றேன்" என்றார். பாவாயி அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எங்களுக்கு ஆளுக்கு நான்கு இட்லி. காசு வாங்கவில்லை. திங்கட்கிழமை எல்லாம் சரியாகிவிடும். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியும் வராது.

ஜூலை 8, திங்கள்

செந்தாமரை வந்தார். கையெழுத்துப் போட்டார். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

செந்தாமரை ஒரு காலத்தில் மகளிர் குழுவில் கடன் வாங்கியிருக்கிறார். குழு உடைந்து, கடன் நின்று, வட்டி ஏறிக் கிடந்திருக்கிறது. கணக்கில் பணம் விழுந்ததும் வங்கியின் சிஸ்டம் கிட்டத்தட்ட மொத்தத்தையும் அந்தக் கடனுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. 28-ம் தேதியே. மிச்சம் நாற்பத்தோரு ரூபாய்.

"எடுத்தது தப்புன்னா திருப்பிக் குடுங்க" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"எடுத்தது மனுசங்க இல்லைங்களே. சிஸ்டம். ஹெட் ஆபீஸ்லதான் திருப்பணும். எழுதறேன். நாப்பத்தஞ்சு வேலை நாள்னு சொல்லுவாங்க."

செந்தாமரை அங்கேயே அழுதுவிட்டார். பாவாயி அக்கா பணம் இழந்தவர், அவர் இவருக்குத் தேறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வேலை நாள் என்றால் செப்டம்பர்.

என்னால் என்ன செய்ய முடியும்.

ஜூலை 9, செவ்வாய்

சென்னியப்பன் அண்ணனைப் பார்த்தேன். பாவாயி அக்காவுக்கு இப்போதைக்குக் கைமாற்றாகக் கொடுங்கள், வங்கியிலிருந்து வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன்.

"ஆர்டர் இருந்தா ஷெட்டை எதுக்கும்மா மூடறேன்? அவ நம்பரை ஒழுங்கா எழுதிக் குடுத்திருந்தா இந்த வம்பே இல்ல. அவ வூட்டுக்காரன்கிட்டயே சொல்லீட்டேன்."

"எப்பங்கண்ணா சொன்னீங்க?"

"போன வாரம். போன் பண்ணிக் கத்துனான். உம் பொண்டாட்டியக் கேளுன்னு சொல்லிட்டேன்."

சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

நான் கட்டுகிற சீட்டு இன்னும் எட்டு மாதம் பாக்கி, கழிவு கொடுத்து முன்னாலேயே எடுத்தாலும் ஆடிக்குள் வராது. நகை ஏற்கெனவே அடகில். கையில் முப்பத்தெட்டாயிரம் இருக்கிறது. மகன் படிப்புக்கென்று ஒரு டெபாசிட் போட்டிருக்கிறேன். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூலை 10, புதன்

பாவாயி அக்காவோடு போக்கிய வீட்டுக்காரரிடம் போனேன். ஆவணி வரைக்கும் தவணை கேட்டோம். நல்ல வெளிச்சமான வீடு. சமையலறையில் அடுப்பு மேடை, பின்னால் துணி துவைக்கக் கல். அக்கா உள்ளே எட்டிப் பார்க்காமல் வாசலிலேயே நின்றார்.

"நானும் கடனைக் கட்டத்தானுங்க போக்கியத்துக்கு விடறேன். வேற ஒருத்தங்க முழுப் பணத்தோட நிக்கறாங்க. உங்க முப்பதாயிரத்தை ஒரு ரூவா குறைக்காமத் தந்தர்றேன்" என்றார். அவரைத் திட்டலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை.

முப்பத்தெட்டாயிரத்தை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கலாம். இரண்டு லட்சம் கேட்கிறவரிடம் அதைக் காட்ட வாய் வரவில்லை.

திரும்பும்போது அக்கா சொன்னார், "எனக்காவ நீ எவ்வளவு அலையற கண்ணு. பெத்த மவகூட இப்பிடி அலையமாட்டா."

ஜூலை 12, வெள்ளி

இன்று அந்த வீட்டில் வேறு யாரோ பால் காய்ச்சியிருப்பார்கள்.

துண்டுக் கம்பெனியின் மஞ்சள் பிரச்சினை தீர்ந்தது. வெளிர் மஞ்சளுக்குப் பணம் இல்லையாம்.

ஜூலை 13, சனி

பாவாயி அக்கா வரவில்லை. வரவில்லையே என்று நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததற்கு என் மேலேயே எரிச்சலாக வந்து, பேக்கரிப் பையனை டீ ஆறிவிட்டது என்று திட்டினேன். டீ ஆறவில்லை.

ஜூலை 15, திங்கள்

அக்கா வந்தார். ஆனி முடிய இன்னும் ஒரு நாள். சுங்கம் பக்கம் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒற்றை அறை, இரண்டாயிரத்து எண்ணூறு வாடகை, நாளை குடிபோகிறார்கள். சொல்லிவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். பாதிக்குப் பாதியாக இளைத்திருந்தார்.

"சாப்பிடறீங்களாக்கா?"

"ஆக்கி வெக்கறேன். அவரு தொடமாட்டேங்கறாரு. மொதலாளி போன்ல சொன்ன நாள்ல இருந்து எங்கையில தண்ணிகூட வாங்கறதில்ல. எழுதத் தெரியாதவ எதுக்குடி பேனாவப் புடிச்சேன்னு ஒரு வார்த்தை கேட்டாரு, அதோட பேச்சை நிறுத்திட்டாரு. பக்கத்து வூட்டுல போய் இட்லி வாங்கித் தின்னுட்டு வர்றாரு. மருமவன் வூட்லயும் அதே பேச்சுத்தான். ஒரு ஏழு எழுதத் தெரியாம வூட்டத் தொலைச்சவன்னு."

அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

டிராயரைத் திறந்து படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதைப் பாருங்கக்கா."

கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலை ஒவ்வொரு எண்ணாக நகர்த்தினார். கடைசியில் நிறுத்தினார்.

"ஏழாட்டத்தான இருக்குது."

"ஏழுதான்க்கா. நீங்க சரியாத்தான் எழுதுனீங்க. நான்தான் ஃபைலைத் திறந்து கெடுத்துட்டேன். ரெண்டாந் தேதியே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டாயிரத்தை எடுத்து மேசைமேல் வைத்து, மிச்சத்தையும் டெபாசிட்டை உடைத்துத் தருகிறேன், வங்கியிலிருந்து வந்தபின் கொடுங்கள், வராவிட்டாலும் பரவாயில்லை என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, இதை ஐந்து நாளைக்கு முன்னால் சொல்லியிருந்தால் ஒரு வீடு கிடைத்திருக்கும்.

"அது கெடக்குட்டும் கண்ணு" என்றார். பணத்தை அவர் பார்க்கக்கூட இல்லை. "இதை எங்க வூட்டுக்காரர்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுவியா? நான் சொன்னா நம்பமாட்டாரு."

ஜூலை 16, செவ்வாய்

காலையில் சென்னியப்பன் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். "சரிம்மா, அடுத்த மாசத்துல இருந்து பாத்துக்கறேன்" என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. இனி எனக்குப் பதினொன்று இல்லை, பத்துக் கம்பெனி என்று வைத்துக்கொள்ளலாம்.

பதினோரு மணிக்கு லைன் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. கட்டில் நுழையவில்லை, வெளியே சாய்த்து வைத்திருந்தார்கள். மாரப்பன் வாசலில் ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, வற்றிப் போயிருந்தது. அக்கா உள்ளே பால் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றார்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். படிவத்தைக் கொடுத்தேன். அக்கா எழுதியது சரி, தப்பு என்னுடையது, முதலாளி சொன்னது நான் சொன்னதை வைத்து.

அவர் படிவத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். என்னைக் கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. தலையைத் திருப்பாமலே, "பாவாயி" என்றார்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் புள்ளைக்கு ஒரு டம்ளர் காப்பி போடு. எனக்கும் போடு."

மூன்று பேரும் குடித்தோம். மாரப்பன் டம்ளரை முழுசாகக் காலி செய்து, கீழே வைக்காமல் அக்கா கையில் கொடுத்தார்.

பணம் செப்டம்பரில் வரலாம், வராமலும் போகலாம். டெபாசிட்டை உடைக்க நாளைக்குப் போகிறேன். ஆனால் அந்த வீடு இனி இல்லை, ஆவணிக்கு வேறு தேட வேண்டும்.

திரும்பி வந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். என்னால் என்ன செய்ய முடியும் என்று எழுதியிருக்கிறேன். இன்று அங்கே நின்று சொல்லி முடிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.